அதிநாயகனின் விலை: பழைய காமிக்ஸ் சேகரிப்பும் மறதியின் அரசியலும்

1

1938 ஜூன் மாத இதழாக அமெரிக்காவில் வெளிவந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் விலை 10 சென்ட். சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றியது அதில்தான். 2024 ஏப்ரலில் அந்த இதழின் ஒரு பிரதியை டல்லாஸ் நகரத்து ஹெரிடேஜ் ஏல நிறுவனம் 60 லட்சம் டாலருக்கு விற்றது. கணக்குப் போட்டால் ஆறு கோடி மடங்கு. 2025 நவம்பரில் 'சூப்பர்மேன்' இதழின் 1939ஆம் ஆண்டு முதல் எண், அதே நிறுவனத்தின் ஏலத்தில் 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போனது. அம்மாவின் வீட்டுப் பரணில் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் கிடந்ததாம். பரணில் புதையல், பிள்ளைகளுக்கு யோகம் என்று பத்திரிகைகள் எழுதி முடித்துக்கொண்டன.

பணக்காரன் எதையோ வாங்கிவிட்டுப் போகிறான், இதில் விமர்சனத்திற்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே விலைபோவது எண்ணெய் வண்ணச் சித்திரமோ மன்னர் காலத்து நாணயமோ அன்று. உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் சில்லறைக் காசுக்கு வாங்கி, படித்து, அடுத்த பையனுக்குக் கொடுத்து, கிழிந்ததும் எறிந்துவிட்ட மட்டக் காகிதச் சரக்கு. வெகுஜனக் கலாச்சாரத்தின் ஆகக் கீழ்த்தட்டில் கிடந்த ஒன்று முதலீட்டுப் பத்திரமாக மாறிய கதை இது. இந்த மாற்றத்தில் யாரெல்லாம் துடைத்து அழிக்கப்பட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சேகரித்தல் என்னும் செயல் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று மறந்ததைத் திரும்பக் கொண்டுவருகிறது. மற்றொன்று மறதிக்கு முத்திரை குத்தி விலை வைக்கிறது. இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

2

முதலில் பொருளைப் பார்ப்போம். நமது விமர்சன மொழியில் 'பிரதி' என்றால் வாசிக்கப்படுவது. ஏலக்காரர்களின் மொழியில் பிரதி என்றால் வாசிக்கப்படாதது. இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சி.ஜி.சி. என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. காமிக்ஸ் புத்தகத்தை அனுப்பினால் ஆராய்ந்து 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, மேலே சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். பெட்டியைத் திறந்தால் மதிப்பெண் செல்லாது. ஆகவே யாரும் திறப்பதில்லை. உள்ளே இருப்பது புத்தகம்தான், ஆனால் பக்கத்தைப் புரட்ட முடியாது. கண்ணுக்குத் தெரிவது அட்டையும் எண்ணும் மட்டுமே.

பயன்மதிப்பு முற்றாக ஒழிந்து பரிவர்த்தனை மதிப்பு மட்டும் மிஞ்சிய சரக்கு எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கதையைப் படிக்க விரும்புகிறவருக்கு மறுபதிப்பு மலிவாகக் கிடைக்கிறது. அப்படியானால் 60 லட்சம் டாலர் கதைக்குக் கொடுத்த விலை ஆகாது. யாரும் தொட்டதற்கான தடயம் குறைவாக இருப்பதற்குக் கொடுத்த விலை அது.

மதிப்பெண் எதற்கெல்லாம் குறைகிறது என்று பாருங்கள். முதுகில் மடிப்பு, ஓரத்தில் கிழிசல், தைத்த கம்பியில் துரு, எண்ணெய்க் கறை. எல்லாமே வாசிப்பின் தடயங்கள். 1974 நவம்பர் தேதியிட்ட 'இன்கிரெடிபிள் ஹல்க்' 181ஆம் இதழ் 25 சென்ட்டுக்கு விற்றது. வுல்வரின் முழுமையாகத் தோன்றும் முதல் கதை என்பதால் இன்று அதற்குப் பெரிய கிராக்கி. அந்த இதழின் உள்ளே ஒரு சிறிய முத்திரைப்படம் அச்சாகியிருந்தது. கத்தரித்து எடுத்து ஒட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னது மார்வெல் கம்பெனியேதான். சொன்னபடி கத்தரித்த பிள்ளையின் புத்தகம் இன்று ஊனப்பட்ட பிரதி, விலை பாதாளத்துக்குப் போய்விடும். வெளியீட்டாளன் விளையாடச் சொன்னான், சந்தை விளையாடியதற்குத் தண்டனை தருகிறது. இந்தச் சந்தையின் இலட்சிய வாசகர், புத்தகம் வாங்கிப் படிக்காமல் வைத்த வாசகர்.

சேகரிப்பாளர்களின் கலைச்சொற்களையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பெயர்பெற்ற சேகரிப்பிலிருந்து வந்த பிரதிக்கு 'பெடிக்ரி' உண்டு என்கிறார்கள். அதாவது வம்சாவளி, குலம். எழுத்தும் விலையும் அச்சாகாத அட்டைக்கு 'வெர்ஜின்', கன்னி அட்டை. கிழிந்ததை யாராவது ஒட்டிச் சீர்செய்திருந்தால் சி.ஜி.சி. அதற்கு ஊதா நிறச் சீட்டு ஒட்டித் தனியே பிரித்துவிடும். சீர்செய்த நல்ல பிரதியைவிடச் சீர்செய்யாத மோசமான பிரதி அதிக விலைக்குப் போவதுண்டு. தொடுதல், கலப்பு, தூய்மை, குலம் என்று இந்தச் சொல்லாடல் எங்கே போய் நிற்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனிதரை ஒதுக்கிய கொடுமையோடு காகிதத்தை ஒப்பிடுவது அபத்தம். அந்த ஒப்பீட்டை நான் செய்யவில்லை. ஆனால் தூய்மை என்னும் கருத்து எங்கே குடியேறினாலும் முதலில் தொட்ட கையைக் குற்றவாளி ஆக்குகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். இங்கே தொட்ட கை பத்து வயதுப் பிள்ளையுடையது.

வால்டர் பெஞ்சமின் 1931இல் தன் நூலகத்தைப் பெட்டிகளிலிருந்து பிரித்து அடுக்குவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சேகரிப்பவர் பொருட்களைப் பயன்பாட்டின் நுகத்தடியிலிருந்து விடுவிக்கிறார் என்ற பார்வை அவருக்கு இருந்தது. இயந்திர மறுஉற்பத்தி கலைப்படைப்பின் ஒளிவட்டத்தை அழிக்கிறது என்பதும் அவர் வாதம். காமிக்ஸ் சந்தை இந்த இரண்டையும் தலைகீழாக்கிவிட்டது. லட்சக்கணக்கில் ஒரேமாதிரி அச்சான பொருளுக்கு இங்கே ஒளிவட்டம் கிடைத்திருக்கிறது. பயன்பாட்டிலிருந்து விடுபட்ட பொருள் நேரே முதலீட்டின் நுகத்தடியில் பூட்டப்பட்டிருக்கிறது. 2021இல் சி.ஜி.சி.யின் தாய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியபோது அந்த நிறுவனத்தை 50 கோடி டாலருக்கு மேல் மதிப்பிட்டார்கள். புத்தகத்தைப் பெட்டியில் அடைக்கும் தொழிலுக்கு இந்த மதிப்பு.

3

லட்சக்கணக்கில் அச்சானது எப்படி அரிதாயிற்று? 'அரியது, ஆகவே விலை அதிகம்' என்று சந்தை சொல்லும். அரிதாக்கியது யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் திரட்டும் இயக்கம் நடந்தது. பிள்ளைகள் தங்கள் காமிக்ஸ்களைத் தேசத்துக்காகக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் ஒழுக்கவாதிகள் வந்தார்கள். 1948இல் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சர், நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் போன்ற ஊர்களில் காமிக்ஸ்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளையே கொண்டு எரிக்க வைத்தார்கள் என்பதுதான் கொடுமை. நாஜிகள் புத்தகம் எரித்து 15 வருடம்தான் ஆகியிருந்தது.

1954இல் மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வெர்தாம், காமிக்ஸ் இளம்பிராயத்தினரைக் குற்றவாளிகள் ஆக்குகிறது என்று ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டு செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தாங்களே ஒரு தணிக்கை அமைப்பை உண்டாக்கிக்கொண்டார்கள். வெர்தாமை வெறும் பிற்போக்காளர் என்று தள்ளிவிட முடியாது. நியூயார்க் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களுக்காக மலிவுக் கட்டண மனநல மருத்துவமனை நடத்தியவர் அவர். பள்ளிகளில் இன ஒதுக்கலுக்கு எதிரான வழக்கில் அவருடைய ஆய்வு பயன்பட்டது. எனினும் காமிக்ஸ் விஷயத்தில் அவர் தன் சான்றுகளைத் திரித்தும் மாற்றியும் எழுதினார் என்பதை, அவருடைய காகிதங்களை ஆராய்ந்து கேரல் டில்லி 2012இல் நிறுவினார். முற்போக்கான அறிவுஜீவி வெகுஜன வாசகனைப் பற்றிப் பேச வரும்போது அவனை நோயாளியாகக் கட்டமைப்பது நமக்கும் பழக்கமான சங்கதிதானே!

வேடிக்கை என்னவென்றால், வெர்தாம் தன் நூலில் குறிப்பிட்டுத் தாக்கிய இதழ்களுக்கு இன்று விலைப்பட்டியலில் தனிக் குறியீடு இருக்கிறது. அந்தக் குறியீடு விலையைக் கூட்டுகிறது. எரித்தவனின் சாபம் விற்பவனுக்கு வரமாகிவிட்டது.

இன்னொரு வகை அரிதும் உண்டு. 1947இல் ஃபிலடெல்ஃபியாவில் ஆரின் இவான்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் 'ஆல் நீக்ரோ காமிக்ஸ்' என்ற இதழைக் கொண்டுவந்தார். எழுதியவர்களும் வரைந்தவர்களும் கறுப்பினத்தவர். 'லயன் மேன்' என்ற கறுப்பு நாயகன் அதில் வருகிறான். மார்வெலின் 'பிளாக் பேந்தர்' தோன்றியது 1966இல். அதற்கு 19 வருடம் முந்தியது இது. இரண்டாம் இதழ் வரவில்லை. அச்சடிக்க அவருக்குக் காகிதம் விற்க ஆளில்லாமல் போயிற்று. இன்று அந்த ஒற்றை இதழ் மிக அரிய சேகரிப்புப் பொருள். அதன் அரிது இயற்கையாக வந்ததல்ல. காகிதம் மறுக்கப்பட்ட வரலாறு அது. பிளாஸ்டிக் பெட்டியின் சீட்டில் அதற்கு இடமில்லை. அங்கே எண் மட்டும்தான் இருக்கும்.

அரிதைச் செயற்கையாகத் தயாரிக்க முடியுமா என்று கம்பெனிகளும் முயன்று பார்த்தன. 1991இல் 'எக்ஸ்-மென்' முதல் இதழ் ஐந்து விதமான அட்டைகளோடு வந்து 80 லட்சம் பிரதிகள் அளவுக்குப் போனது. 1992 நவம்பரில் சூப்பர்மேனைச் 'சாகடித்து', கறுப்புப் பையில் போட்டு, துக்கத்துக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டியும் வைத்து விற்றார்கள். பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஆகுமென்று ஜனங்கள் பையைப் பிரிக்காமலேயே வாங்கி அடுக்கினார்கள். என்னாயிற்று? எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எவர் கையிலும் இருப்பது அரிதாகவில்லை. சந்தை சரிந்தது, கடைகள் மூடப்பட்டன, 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு கொடுத்தது. இந்தச் சரிவு சந்தையின் இரகசியத்தை உடைத்துச் சொன்னது: என் பிரதிக்கு விலை வர வேண்டுமானால் உன் பிரதி அழிந்திருக்க வேண்டும். அழிவுதான் இங்கே மூலதனம்.

4

இப்போது உழைப்புக்கு வருவோம். சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் ஒஹாயோவின் கிளீவ்லாண்டில் வளர்ந்த யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். பொருளாதாரப் பெருமந்தத்தின் காலத்தில் வாலிபரானவர்கள். அவர்களுடைய ஆரம்ப சூப்பர்மேன் விண்வெளி அரக்கர்களோடு சண்டை போடவில்லை. முதல் இதழில் மனைவியை அடிப்பவனைப் பிடிக்கிறான், நிரபராதிப் பெண்ணை மரண தண்டனையிலிருந்து மீட்கிறான், வாஷிங்டனில் தரகு பார்ப்பவனை மிரட்டுகிறான். மூன்றாம் இதழில், பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளி அதே சுரங்கத்துக்குள் சிக்கித் தவிக்கும்படி செய்கிறான். இது புரட்சிகரப் பிரதி என்று நான் கொண்டாட வரவில்லை. ஒற்றை நாயகனிடம் நீதியை ஒப்படைக்கும் கதையாடலின் ஆபத்து நமக்குத் தெரியும். சினிமாவிலிருந்து கோட்டை வரைக்கும் பார்த்தவர்கள் நாம். இருந்தும் அது வேலையில்லாத் திண்டாட்டத்தின் நடுவிலிருந்து வந்த கோபம்.

அந்தக் கோபத்தை 130 டாலருக்கு மொத்தமாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1938 மார்ச்சில் கொடுக்கப்பட்ட காசோலை 412 டாலருக்கு. அதில் சூப்பர்மேன் பங்கு 130. இருவர் பெயரும் அதில் பிழையாக எழுதப்பட்டிருந்தது. பணமாக்குவதற்காகப் பிழையான பெயரிலும் சரியான பெயரிலும் கையெழுத்துப் போட்டார்கள். 1947இல் வழக்குப் போட்டார்கள், வேலை போயிற்று. 1975இல், சூப்பர்மேன் திரைப்படம் தயாராகவிருந்த நேரத்தில், சீகல் பத்திரிகைகளுக்கு முறையிட்டார். ஷஸ்டருக்கு அப்போது கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற ஓவியர்கள் போராட, தலைக்கு ஆண்டுக்கு 20 ஆயிரம் டாலரும் கதைகளில் பெயரும் கிடைத்தன. ஷஸ்டர் 1992இலும் சீகல் 1996இலும் இறந்தார்கள்.

2012இல் அந்தக் காசோலையே ஏலத்துக்கு வந்து 1,60,000 டாலருக்கு விற்றது. படைப்பாளியின் எட்டு வருட ஓய்வூதியம் அது. சுரண்டலின் சாட்சியமும் சேகரிப்புப் பொருள் ஆகிவிட்டது. ரசீதைக்கூட விட்டுவைக்கவில்லை பாருங்கள்!

இது ஒருவர் இருவர் கதை அல்ல. சம்பளக் காசோலையின் பின்பக்கத்திலேயே உரிமை மாற்ற வாசகத்தை அச்சடித்துவைத்து, கையெழுத்துப் போட்டால்தான் காசு, போட்டால் உரிமை போச்சு என்ற ஏற்பாடு இந்தத் தொழிலில் வெகுகாலம் இருந்தது. 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்', 'ஹல்க்', 'எக்ஸ்-மென்' ஆகியவற்றை ஸ்டான் லீயோடு சேர்ந்து உருவாக்கிய ஜேக் கிர்பி, தன் கையால் வரைந்த மூலப் பக்கங்களைத் திரும்பப் பெற மார்வெலோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். மற்ற ஓவியர்களுக்குக் கொடுத்த சிறிய படிவத்துக்குப் பதில் 1984இல் அவருக்கு மட்டும் நீண்ட தனி ஒப்பந்தம் நீட்டப்பட்டது. 1987இல் கிடைத்தது சுமார் 1,900 பக்கங்கள். அவர் வரைந்ததில் அது ஒரு சிறு பகுதி.

2021 செப்டம்பரில், ஸ்பைடர்மேன் முதலில் தோன்றிய 1962ஆம் ஆண்டின் 'அமேசிங் ஃபேன்டசி' 15ஆம் இதழ் 36 லட்சம் டாலருக்கு விற்றது. அட்டை விலை 12 சென்ட். அந்த 36 லட்சத்தில் எழுதியவனுக்கும் வரைந்தவனுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் சட்டப்படி ஒரு சென்ட்டும் கிடையாது. விற்றவனுக்கும் ஏல நிறுவனத்துக்கும் மட்டும்.

5

இதையெல்லாம் வைத்துச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் சந்தையின் கையாட்கள் என்று முடித்துவிடலாமா? கூடாது. அவர்கள் பக்கத்தில் இன்னொரு வரலாறு இருக்கிறது, நமக்கு மிக நெருக்கமான வரலாறு.

1961இல் டெட்ராய்ட்டில் ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற கல்லூரி ஆசிரியர் 'ஆல்டர் ஈகோ' என்று ஒரு ரசிகர் இதழைக் கையால் நகலெடுத்து அஞ்சலில் அனுப்பினார். நம் பாஷையில் சொன்னால் சிற்றிதழ். பழைய இதழ்களைத் தேடித் திரட்டிய இந்தக் கூட்டம் விலை பார்க்கவில்லை, பெயர் தேடியது. அந்நாளைய காமிக்ஸ்களில் யார் எழுதியது, யார் வரைந்தது என்று பெரும்பாலும் போட மாட்டார்கள். கோட்டின் போக்கைப் பார்த்து, கடிதம் எழுதிக் கேட்டு, ஒவ்வொரு கதைக்கும் உழைத்தவர் யாரென்று பட்டியலிட்டார்கள். பேட்மேன் பாப் கேன் ஒருவரின் படைப்பு என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, பில் ஃபிங்கர் என்ற எழுத்தாளரின் பங்கு எத்தனை பெரியது என்று 1965இல் எழுதி வெளிக்கொண்டுவந்தவர் பெய்ல்ஸ். ஃபிங்கர் 1974இல் வறுமையில் இறந்தார். அவர் பெயரை அதிகாரபூர்வமாகச் சேர்க்க 2015 ஆயிற்று. ஆனால் அந்த நூலிழையைப் பிடித்துவைத்தது ஒரு சேகரிப்பாளரின் நகல் இதழ்.

1970இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட்டின் விலைக் கையேடு முதன்முதலாக வந்தது. ஒருபக்கம் பெயர்களின் பட்டியல், மறுபக்கம் விலைகளின் பட்டியல். சந்தை எதைத் தேர்ந்துகொண்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு சேகரிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கொலராடோவின் டென்வரில் எட்கர் சர்ச் என்ற விளம்பர ஓவியர், தன் தொழிலுக்கு உதவுமென்று படங்களையும் இதழ்களையும் சேர்த்துவந்தார். 1977இல், அவர் முதுமையில் இருக்க, வீட்டைக் காலி செய்த குடும்பத்தாரிடமிருந்து 16 ஆயிரத்துக்கு மேற்பட்ட காமிக்ஸ்களைச் சக் ரொசான்ஸ்கி என்ற வியாபாரி வாங்கினார். ஒவ்வொன்றாகப் பிரித்து விற்கப்பட்டு அவை உலகமெங்கும் சிதறின. இன்று 'மைல் ஹை' என்பது ஆகப்பெரிய வம்சாவளி. அந்த ஓவியர் என்ன நோக்கத்தில் எதை எதோடு சேர்த்து வைத்தார் என்ற ஒழுங்கு போய்விட்டது.

நம் கோட்டையூரில் ரோஜா முத்தையாவும் ஓவியர்தான். பெயர்ப்பலகை எழுதியவர். மூர் மார்க்கெட்டில் தொடங்கிய பழக்கத்தில் தமிழ் நூல்களையும் இதழ்களையும் நோட்டீசுகளையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை மொத்தமாக வாங்கி, 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைய வழிசெய்தது. வெளிநாட்டுப் பணம் வந்துதான் இது நடக்க வேண்டுமா என்ற கேள்வி இருக்கட்டும். தொகுப்பு தொகுப்பாகவே நின்றது. எவரும் போய்ப் பக்கத்தைப் புரட்டலாம். இரண்டு ஓவியர்கள், இரண்டு குவியல்கள். ஒன்று விலையாயிற்று, மற்றொன்று வாசிப்பாயிற்று.

அமெரிக்காவிலும் மாற்று முயற்சிகள் உண்டு. மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழக நூலகம் காமிக்ஸ்களைப் படிப்பதற்காகவே சேர்த்துவைத்திருக்கிறது. உரிமைக்காலம் முடிந்த இதழ்களை ஒளிவருடி இணையத்தில் இலவசமாகப் போடுகிறவர்களும் சேகரிப்பாளர்களே. 'ஆல் நீக்ரோ காமிக்ஸ்' இதழை இன்று காசில்லாமல் படிக்க முடிகிறது. காகிதம் மறுத்தவர்களுக்கு இதுவே சரியான பதில்.

நம் பக்கம் திரும்பினால், 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய சிவகாசி முத்து காமிக்ஸின் பழைய இதழ்கள் அட்டை விலையைப்போல் பல மடங்குக்குக் கைமாறுகின்றன. அதைவிட நம்மைச் சுடும் விஷயம் ஒன்று உண்டு. நம் சிற்றிதழ்களின் கதி என்ன? முந்நூறு, ஐந்நூறு பிரதி அச்சடித்து, சந்தா வராமல் நின்றுபோன இதழ்கள் அரிதாவதற்கு எல்லாத் தகுதியும் பெற்றவை. 'எழுத்து' முழுத் தொகுதி என்னிடம் இருக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது குரலில் வருகிற அந்த மிதப்பைக் கேட்டிருக்கிறீர்களா? படிக்கக் கேட்டால் தரமாட்டார். பிளாஸ்டிக் பெட்டி இன்னும் வரவில்லை, பூட்டிய பீரோ வந்துவிட்டது. நாளைக்கு ஏலக்காரனும் வருவான். அப்போது அச்சுக் கோத்தவர் பெயரும், அட்டை வரைந்தவர் பெயரும், புனைபெயரில் எழுதிய பெண் யார் என்பதும் கேட்க ஆளில்லாமல் போயிருக்கும்.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை எளிது, அலுப்பானது. கையிலிருக்கும் இதழ்களை நகலெடுப்பது, யார் எழுதினார் யார் அச்சடித்தார் என்று உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது, கட்டைப் பிரித்துவிடாமல் ஒரு பொது நூலகத்தில் சேர்ப்பது. பெய்ல்ஸ் ஒரு நகலெடுக்கும் கருவியை வைத்துக்கொண்டு செய்தார். நம்மில் பலர் பையில் அதைவிட நல்ல கருவி இருக்கிறது.